எழுத்து முடிந்தது, தாலி ஏறவில்லை: விசா வரும்வரை எங்கே சேர்ந்திருப்பது?

கல்லடி ஆசிரியை எழுதியது:

வணக்கம். ஒன்றரை ஆண்டாக இங்கு எழுதப்படுவதை வாசித்து வருகிறேன். இன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறேன், ஆகவே சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கடந்த தை மாதம் எழுத்து, அதாவது சட்டப்படியான விவாகப் பதிவு, முடிந்தது. அவர் மட்டக்களப்பு ஆரையம்பதியில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோருடன் கனடாவுக்குப் போய், அங்கேயே படித்துக் குடியுரிமையும் பெற்றவர். ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறார். நான் இங்கே ஆசிரியை. மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் பதிவு நடந்தபோது இரு பக்கத்தாரும் சேர்த்துப் பதினொரு பேர்தான் இருந்தோம். கையொப்பமிட்டு, எல்லோரும் ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட்டு, மாலை ஐந்து மணிக்கு அவர் தன் பெரியம்மா வீட்டுக்குப் போனார், நான் அம்மாவுடன் வீட்டுக்கு வந்தேன். தாலி ஏறாமல் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுத் தீர்மானம். எனக்கும் அதில் பெரிய மறுப்பு இருக்கவில்லை. அவர் இங்கு நின்ற பத்தொன்பது நாட்களில் நாங்கள் இருவரும் தனியாகப் பேசியது என்று பார்த்தால், கல்லடிப் பாலத்தில் நடந்த இரண்டு மாலைகளும், மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் குளத்துப் படியில் இருந்த ஒரு மணித்தியாலமும்தான்.

தாலிக்கு ஆவணியில் நாள் பார்த்திருக்கிறார்கள். இதற்கிடையில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். மாமி, விசிட் விசாவில் அங்கே வந்துவிட்டால் மிச்சத்தை அங்கிருந்தே செய்துகொள்ளலாம் என்கிறார். அப்பா, கடதாசி வேலை முடியட்டும், ஒரு வருடம் பொறுத்தால் என்ன என்கிறார். அவரோ, சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டு இங்கே வந்து எங்கள் வீட்டில் நிற்கப் போவதாகச் சொல்கிறார். விசாரிக்கப் போன இடத்தில் ஒரு முகவர், விசிட் விசா விண்ணப்பத்தில் "மணமாகாதவர்" என்று நிரப்பினால்தான் காரியம் நடக்கும் என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு இரவு நித்திரை இல்லை. காத்திருக்கும் காலத்தில் சட்டத்துக்குப் பிழையில்லாமல் சேர்ந்திருக்க எந்த வழி நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுநிலைப் பதிவாளர் எழுதியது:

மகள், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னர் அந்த முகவர் சொன்னதை மறந்துவிடுங்கள். 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீங்கள் கையொப்பமிட்ட நிமிடமே நீங்கள் மணமானவர். தாலி ஏறுவது வீட்டுக்கும் ஊருக்கும் திருமணம், பதிவேடு சட்டத்துக்குத் திருமணம். வெளிநாட்டு அதிகாரி பார்ப்பது இரண்டாவதை மட்டுமே. அந்தத் தை மாதத் திகதிக்குப் பிறகு நீங்கள் நிரப்பும் எந்தப் படிவத்திலும் "மணமாகாதவர்" என்ற சொல் வந்தால் அது பொய்க் கூற்று. கனடாச் சட்டத்தில் அப்படிப்பட்ட கூற்றுக்கு ஐந்து ஆண்டுகள் உள்நுழையத் தடை இருக்கிறது.

எனது சேவைக் காலத்தில் இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைக்கவிருந்த ஒரு பையன், புறப்படுவதற்கு முன்னர் அவசரமாக இங்கே எழுத்தை முடித்துவிட்டு, "தாலி கட்டவில்லைதானே" என்ற நினைப்பில் அங்கே இறங்கும்போது தனியாள் என்று எழுதிக் கொடுத்தான். அப்படி மறைக்கப்பட்ட மனைவியைப் பின்னர் குடும்ப வகுப்பில் (குடும்ப உறவைக் காட்டி வதிவிடம் கேட்கும் வழியில்) அழைக்க முடியாது என்பதே விதி. 2019 இல் தொடங்கிய ஒரு தற்காலிகக் கொள்கை சிலருக்கு மட்டும் தளர்வு தந்தது. அந்தப் பிள்ளை எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

இன்னொன்று, சிறியதுதான். தமிழில் உள்ள சான்றிதழ்களை மொழிபெயர்க்கும்போது, பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதும்படி சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், விவாகச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் உங்கள் தந்தையின் பெயர் வந்தால், அதை விளக்கவே தனியாக ஒரு சத்தியக்கடதாசி தேவைப்படும்.

பிரம்டன் மச்சாள் எழுதியது:

தங்கச்சி, நான் களுதாவளையிலிருந்து வந்தவள். எங்களுடையதும் கனடா விண்ணப்பம்தான், ஆகவே எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கனடாவுக்குள் இருந்துகொண்டு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிப்பது ஒரு வகுப்பு, வெளியிலிருந்து குடும்ப வகுப்பில் விண்ணப்பிப்பது இன்னொரு வகுப்பு. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி "ஸ்பொன்சர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உள்ளே இருந்து விண்ணப்பிப்பவர் அங்கே கணவருடன் ஒன்றாக வசித்துக்கொண்டிருக்க வேண்டும், நாட்டை விட்டு வெளியேறித் திரும்ப முடியாமல் போனால் அந்த விண்ணப்பம் அதோடு போய்விடும். வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர் எங்கே இருந்தாலும் விண்ணப்பம் உயிரோடு இருக்கும். நிராகரித்தால் கணவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்ளே விண்ணப்பித்தவருக்கு அந்த மேன்முறையீடு கிடையாது, சமஷ்டி நீதிமன்றத்தின் அனுமதி கேட்டுத்தான் நிற்க வேண்டும்.

அடுத்தது உங்களுக்கு மிகவும் சாதகமான விடயம். உங்கள் கணவர் குடியுரிமை பெற்றவர். குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் வசித்துக்கொண்டே மனைவியை அழைக்கலாம். மனைவிக்கு வதிவிடம் கிடைத்ததும் இருவரும் கனடாவில் வாழப் போகிறோம் என்பதை மட்டும் காட்ட வேண்டும். வேலை இடத்துக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், பெற்றோருடன் இருக்கப் போவதென்றால் அவர்களின் கடிதம் போன்றவற்றை நாங்கள் வைத்தோம். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவருக்கு இந்தச் சலுகை இல்லை, அவர் கனடாவில் இருந்துதான் அழைக்க வேண்டும். ஆகவே அவர் இங்கே வந்து நிற்பதாகச் சொல்வது வெறும் பாசப் பேச்சு அல்ல, சட்டத்தில் இடமுள்ள வழி.

மாமி சொல்லும் விசிட் விசா தவறான வழி என்று சொல்ல மாட்டேன். நிரந்தரமாக வர எண்ணியிருப்பவர் தற்காலிகமாக வருவதைச் சட்டத்தின் 22(2) பிரிவு தடுக்கவில்லை. ஆனால் அனுமதித்த காலம் முடிந்ததும் திரும்பிப் போவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். புதிதாக எழுத்து முடித்த, கணவர் அங்கே இருக்கிற, சேமிப்பு குறைந்த ஒரு இளம்பெண்ணை அப்படி நம்புவது அதிகாரிக்கு எளிதல்ல. எனது முதல் விசிட் விண்ணப்பம் இந்தக் காரணத்துக்காகவே நிராகரிக்கப்பட்டது. வதிவிட விண்ணப்பம் போட்டு, பெற்றுக்கொண்டோம் என்ற கடிதம் கோப்பு இலக்கத்துடன் வந்த பிறகு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி இரண்டாவது முறை போட்டபோது கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கும் என்று நான் பொறுப்பேற்க மாட்டேன்.

வந்தாறுமூலை மகள் எழுதியது:

மச்சாள் சொன்ன "அதோடு போய்விடும்" என்பது எனக்கு நடந்தது. அதை எழுதுகிறேன்.

நான் விசிட் விசாவில் போய், இரண்டாவது மாதத்தில் உள்ளே இருந்தே விண்ணப்பித்தேன். ஒன்றாக இருந்தோம், சந்தோஷமாகத்தான் இருந்தோம். தங்கும் காலத்தை நீட்டித் தந்த கடிதமும் கையில் இருந்தது. ஏழாவது மாதம் விடியற்காலை மூன்றரை மணிக்கு அண்ணா அழைத்து அம்மா போய்விட்டார் என்றார். அன்றிரவே புறப்பட்டேன். கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த விசாவின் திகதி முடிந்திருந்ததையும், நீட்டிப்புக் கடிதம் அங்கே தங்குவதற்கு மட்டுமே, திரும்பி நுழைவதற்கு உதவாது என்பதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்த நேரத்தில் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். வாசலில் பந்தல் இன்னும் அவிழ்க்கப்படவில்லை, வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் முடிந்து திரும்ப விசா கேட்டேன், மறுத்துவிட்டார்கள். கனடாவில் ஒன்றாக வசிக்க வேண்டும் என்ற அந்த வகுப்பின் நிபந்தனையை நிறைவேற்ற முடியாததால், அந்த விண்ணப்பத்தை மீளப் பெற்று, இங்கிருந்து குடும்ப வகுப்பில் முதலிலிருந்து தொடங்கினோம். அதில் ஒன்றரை வருடம் போனது. தங்கச்சி, உங்கள் அப்பா அம்மா சுகமாக இருக்கட்டும். ஆனால் வயதான பெற்றோர் ஊரில் இருக்கிற ஒருவர் உள்ளே இருந்து விண்ணப்பிக்குமுன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரியகல்லாறு மருமகன் எழுதியது:

இங்கே எல்லோரும் கனடாவைப் பற்றியே எழுதுவதால், இதை வாசிக்கும் லண்டன் ஆட்கள் தங்களுக்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. நான் வவுனியாக்காரன், பெண் எடுத்தது பெரியகல்லாற்றில், வேலை லண்டனில்.

பிரித்தானியாவில் விசிட் விசாவில் வந்த மனைவி உள்ளே இருந்தபடி வாழ்க்கைத்துணை விசாவுக்கு மாற முடியாது, திரும்பிப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். கணவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்திருப்பதும் எளிதல்ல, ஏனென்றால் அங்கே வருமான வரம்பு உண்டு. 2012 முதல் ஆண்டுக்கு 18,600 பவுணாக இருந்த வரம்பை 2024 ஏப்ரல் 11 ஆம் திகதி 29,000 பவுண் ஆக்கினார்கள். சம்பளத்தைக் கொண்டு காட்டுவதென்றால் பொதுவாக ஒரே வேலை இடத்தில் ஆறு மாதச் சம்பளச் சீட்டும் அதற்குப் பொருந்தும் வங்கிக் கூற்றும் வேண்டும். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண், அதுவும் ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த களஞ்சியக்காரன், கடைக்காரன் எவனிடமும் அந்தக் காசு இல்லை. இதற்கு மேல் சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண், முதல் விசாவின் 33 மாதங்களுக்கும் சேர்த்து 3,105 பவுண் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

எனக்கும் இந்தத் தம்பிக்கு வந்த அதே எண்ணம் வந்தது. வேலையை விட்டுவிட்டுப் போய் அவளுடன் இருப்பேன் என்று நின்றேன். சட்டத்தரணி, "விட்டால் உங்கள் ஆறு மாதக் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும்" என்றார். ஆகவே பதினான்கு மாதம் பிரிந்தே இருந்தோம், இடையில் இரண்டு தடவை மூன்று மூன்று கிழமை வந்து போனேன். அந்தக் காலத்தில் மனைவி ஆங்கிலம் ஏ1 பரீட்சைக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கும் கொழும்புக்கு அலைந்தாள். அந்தப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும் என்பதால், முந்திக்கொண்டு எடுத்து வைப்பதிலும் பயனில்லை.

சேர்ந்திருந்தோம் என்று சொல்லக்கூடியது ஒன்றுதான். நான் வேலை முடிந்து வந்து சமைக்கும்போது போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துவிடுவேன். அவளுக்கு அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அழைப்பை வைக்க மாட்டோம். வெங்காயத்தைப் பெரிதாக வெட்டுகிறேன் என்று அவள் திருத்தியது பலமுறை. பின்னர் விண்ணப்பத்துக்கு அந்த அழைப்புப் பதிவுகளை மாதம் மாதமாக எடுத்து வைத்தோம், நாங்கள் அதற்காகப் பேசவில்லை என்றாலும்.

பக்கத்துக் கதை ஒன்று: எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் போய் இருப்பவனை "வீட்டோடு மாப்பிள்ளை" என்று ஒரு மாதிரியாகச் சொல்வார்கள். மட்டக்களப்பில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதே முறை என்பதை நான் கலியாணம் கட்டிய பிறகுதான் விளங்கிக்கொண்டேன். தங்கச்சி, உங்கள் கணவர் உங்கள் வீட்டில் வந்து நிற்பதற்கு ஊர் தடையில்லை, தாலிதான் தடை. அதற்கு நாள் பார்த்தவரிடம் பேசிப் பாருங்கள்.

வாழைச்சேனைத் தம்பி எழுதியது:

எல்லோரும் சேர்ந்திருப்பதைப் பெரிதாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன். நான்கைந்து மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஒருவர் இங்கே வந்து நிற்பதால் விசா ஒரு நாள் கூட முந்தி வரப் போவதில்லை. கனடாவில் மனைவியை அழைக்கப் பொதுவாக வருமான வரம்பு இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வந்து இறங்கும் பெண்ணுக்கு வாடகை கட்டக் காசு வேண்டும். எனது அண்ணா தன் கலியாணத்துக்கு எடுத்த கடனை அடைக்கவே அங்கே இரண்டு வருடம் இரண்டு வேலை செய்தார். கணவன் இங்கே வாவிக் காற்று வாங்கிக்கொண்டிருக்க அங்கே கடன் அட்டைக்கு வட்டி ஏறும். பிரிந்திருப்பது கஷ்டம்தான், ஆனால் அது முடிகிற கஷ்டம்.

பிரம்டன் மச்சாள் எழுதியது:

தம்பி சொல்வதில் காசு விடயம் சரி. ஆனால் இந்தத் தங்கச்சியின் நிலையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளை, உள்ளூர்ப் பெண், பெற்றோர் பேசிய சம்பந்தம், பதினொரு பேருடன் பதிவு, பத்தொன்பது நாள், அதிலும் ஒரு இரவு கூட ஒன்றாக இல்லை. நமக்கு இது கண்ணியமான குடும்பத்தின் அடையாளம். ஐஎம்எம் 5532 படிவத்தைத் திறந்து வைத்திருக்கும் அதிகாரிக்கு, விசாவுக்காகச் செய்த பதிவும் கிட்டத்தட்ட இதே மாதிரித்தான் தெரியும். அந்தப் படிவம், எப்படி அறிமுகமானீர்கள், யார் வந்திருந்தார்கள், சடங்கு நடந்ததா, அதன் பின் எங்கே தங்கினீர்கள் என்று கேட்கும். தாலி இன்னும் கட்டவில்லை, கட்டும்வரை ஒன்றாக இருப்பதில்லை என்பது எங்கள் வழக்கம் என்று நேராக எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அந்த விளக்கத்தை எழுதுவதைவிட, நான்கு மாதம் ஒரே முகவரியில் இருந்ததை எழுதுவது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஊரில் இன்னமும் ஒரு பழைய பயம் சுற்றுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போய் இறங்கிய பிறகு இரண்டு வருடம் கணவருடன் வாழ்ந்தே தீர வேண்டும், இல்லையென்றால் வதிவிடம் பறிபோகும் என்ற நிபந்தனை 2012 இல் வந்தது, 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அந்த நிபந்தனையைச் சொல்லி மருமகளை அடக்கிவைத்த வீடுகள் இருந்தன.

சாய்ந்தமருது சகோதரன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் பக்கத்து மக்களுக்காக இரண்டு விடயங்கள்.

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நிக்காஹ் பதிவில் மணமகளின் கையொப்பம் கட்டாயம் இல்லை, வலீ (மணமகளின் பாதுகாவலர்) கையொப்பமிடுவார். மாப்பிள்ளை வர முடியாத நேரத்தில் வகீல் (பதிலாள்) வைத்தோ தொலைபேசியிலோ நிக்காஹ்வை முடித்த குடும்பங்களும் உண்டு. மார்க்கத்தில் அது எப்படி என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் கனடா 2015 ஜூன் 11 முதல், இருவரும் நேரில் நிற்காத திருமணத்தை, படைச் சேவைக்கான விதிவிலக்கைத் தவிர, அழைப்புக்கு ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே மாப்பிள்ளை நேரில் வரும்வரை பொறுத்திருங்கள். மணமகள் முகம் தெரியும் படங்களும் இருக்கட்டும், ஆண்கள் மட்டும் நிற்கும் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மற்றது என் தங்கையின் கதை. கணவர் மெல்பேர்ணில் இருக்கிறார். அவுஸ்திரேலியாவில் உள்ளே இருந்தே 820 என்ற வாழ்க்கைத்துணை விசாவுக்கு விண்ணப்பித்து, முடிவு வரும்வரை தங்கத் தரும் பிரிட்ஜிங் விசாவில் கணவருடன் இருக்கலாம் என்று கேள்விப்பட்டு விசிட்டில் போனார். அது உண்மைதான், ஆனால் அவருடைய விசிட் விசாவில் 8503 என்ற நிபந்தனை போடப்பட்டிருந்தது. மேலும் தங்குவதற்கான விசா அங்கிருந்து கேட்க முடியாது என்பது அதன் பொருள். வீட்டில் ஐந்து பேர் அந்தக் கடிதத்தை வாசித்தோம், ஐவரும் பெயரும் திகதியும் சரியா என்று மட்டும் பார்த்தோம். மூன்று மாதத்தில் திரும்பி வந்து இங்கிருந்து 309 (வெளியிலிருந்து கேட்கும் வாழ்க்கைத்துணை விசா) போட்டார். உள்ளே விண்ணப்பித்து பிரிட்ஜிங் விசா ஏ இல் இருப்பவர்களும் போய்த் திரும்ப விடும் பி வகை எடுக்காமல் நாட்டை விட்டு வெளியேறினால், வந்தாறுமூலைச் சகோதரிக்கு நடந்ததுதான் நடக்கும்.

பிரிவு தாங்காதவர்கள் சிங்கப்பூரிலோ மாலைதீவிலோ சந்தித்துக்கொள்கிறார்கள், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே முன்கூட்டி விசா தேவையில்லை. எனது மச்சான் ஒரு கிழமைக்கு மாலைதீவுக்கு வரச் சொன்னார். அந்தக் காசுக்குச் சாய்ந்தமருதுக்கே வந்து ஒரு மாதம் நிற்கலாம் என்று உம்மா சொல்ல, அதுவே நடந்தது.

கல்லடி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வந்தாறுமூலை அக்காவின் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பிறகு விசிட் விசா கதை வேண்டாம் என்று மாமியிடம் தொலைபேசியில் அவரே சொல்லிவிட்டார். வாழைச்சேனைத் தம்பியின் கணக்கை என் கணவருக்கு அனுப்பினேன். கலியாணக் கடன் இல்லை, ஆனால் கார்க் கடன் இருக்கிறது, நான்கு மாதம் என்றால் சமாளிக்கலாம், அதற்கு மேல் முடியாது என்றார். ஐயா சொன்ன எழுத்துக்கூட்டல் பிழை எங்களிடமும் இருக்கிறது, என் அப்பாவின் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதம்.

இனி என் கேள்விகள் சின்னவை. அவர் இங்கே நான்கு மாதம் நிற்க எந்த விசா? இங்கிருந்தபடி கணினியில் அங்கத்தைய வேலை ஏதும் பார்க்கலாமா? அங்கே அவருடைய மருத்துவ அட்டைக்கு ஏதும் நடக்குமா?

பிரம்டன் மச்சாள் எழுதியது:

இணையத்தில் எடுக்கும் சுற்றுலா விசா முதலில் 30 நாள், பிறகு குடிவரவுத் திணைக்களத்தில் நீட்டிக்கலாம். இலங்கையரை மணந்தவருக்கு வதிவிட விசாவும் உண்டு, நீண்ட காலம் நிற்பவர்களுக்கு அதுவே நல்லது, பத்தரமுல்லையில் விசாரியுங்கள். அவர் இங்கே பிறந்தவர் என்பதால் இரட்டைக் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் பிறகு விசாக் கவலையே இல்லை, ஆனால் இந்த நான்கு மாதத்துக்குள் அதை எதிர்பார்க்க வேண்டாம். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. கணினி வேலை என்றாலும் திணைக்களத்தைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஒன்ராறியோ மருத்துவ அட்டைக்குப் பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். நான்கு மாதம் இங்கே நின்றால் பிரச்சினை இல்லை. தை மாதம் வந்து நின்ற பத்தொன்பது நாளையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், அப்போதும் பிரச்சினை இல்லை. அவர் அங்கே அரசாங்க நிவாரணப் பணம் எடுப்பவராக இருக்கக் கூடாது, இயலாமைக் கொடுப்பனவு தவிர. விடுமுறை என்று வேலை இடத்தில் எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள், திரும்பிப் போய் வாழப் போகிறார் என்பதற்கு அதுவும் ஒரு ஆவணம்.

ஓய்வுநிலைப் பதிவாளர் எழுதியது:

மகள், ஆவணிவரை ஏன் போக வேண்டும்? பெரியவர்களைக் கேட்டால் வைகாசியிலும் முகூர்த்தம் இருக்கும். ஆனியில் தள்ளினால் ஆடி வந்துவிடும், பிறகு ஆவணிதான். அப்பாவின் பெயருக்குச் சத்தியக்கடதாசி செய்யும்போது மூன்று எழுத்துக்கூட்டலையும் அதில் அப்படியே எழுதி, மூன்றும் ஒரே ஆள் என்று குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டவர்கள் இரண்டாவது தடவை செய்திருக்கிறார்கள்.

கல்லடி ஆசிரியை எழுதியது (ஐந்து மாதங்களின் பின்னர்):

பதில் சொன்னவர்களுக்கு நடந்ததைத் தெரிவிக்காமல் விடுவது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

வைகாசியில் தாலி ஏறியது. அவர் நான்கு மாதம் எங்கள் வீட்டில் நின்றார். முதல் மாதம் அப்பாவும் அவரும் விறாந்தையில் எதிரெதிராக இருந்து பத்திரிகை வாசித்தார்கள், இரண்டாவது மாதத்தில் கிணற்று மோட்டர் பழுதானபோதுதான் இருவரும் சேர்ந்து பேசத் தொடங்கினார்கள். எங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்ல வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் பேசாமல் இருப்பார் என்பதும், எனக்கு அப்படி இருப்பவர்களைப் பிடிக்காது என்பதும் வட்ஸ்அப்பில் தெரியவில்லை. இரண்டு தடவை பெரிய சண்டை பிடித்தோம். அது விண்ணப்பத்தில் எழுதும் விடயமல்ல, ஆனால் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு அதைக் கண்டுபிடித்திருந்தால் எனக்குப் போய் நிற்க அங்கே வேறு வீடு இல்லை.

விண்ணப்பத்தை வெளியிலிருந்து குடும்ப வகுப்பிலேயே போட்டோம். படிவத்தில் பதிவுத் திகதியையும் தாலித் திகதியையும் இரண்டையும் எழுதி, இடையில் ஏன் ஒன்றாக இருக்கவில்லை என்பதை ஆறு வரியில் விளக்கினேன். தாலி ஏறிய பின் முறைப்படி இருவரும் கால்மாறி அவருடைய பெரியம்மா வீட்டுக்குப் போன அன்று எடுத்த படங்களையும், எங்கள் வீட்டு முகவரிக்கு அவர் பெயரில் வந்த இரண்டு கடிதங்களையும், மோட்டர் வாங்கிய பற்றுச்சீட்டையும் வைத்தோம். பற்றுச்சீட்டில் அவர் பெயரும் எங்கள் வீட்டு முகவரியும் இருக்கிறது.

போன கிழமை அவர் திரும்பிப் போனார். நேற்று விண்ணப்பம் கிடைத்ததாகக் கோப்பு இலக்கத்துடன் கடிதமும், கைரேகை கொடுக்கும்படி அறிவித்தலும் வந்திருக்கின்றன. வியாழன் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன், வெள்ளி பாடசாலைக்கு லீவு போட்டாகிவிட்டது. இலக்கம் கையில் இருப்பதால் விசிட் விசாவுக்கும் இப்போதே போடுவதா, அல்லது மருத்துவப் பரிசோதனை முடியும்வரை பொறுப்பதா என்று மச்சாள் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

பிரம்டன் மச்சாள் எழுதியது:

இப்போதே போடலாம், அதற்கும் மருத்துவத்துக்கும் தொடர்பில்லை. ஆசிரிய நியமனக் கடிதம், லீவு அனுமதி, திரும்பும் திகதி மூன்றையும் வையுங்கள், கணவரின் கடிதத்தில் வதிவிடக் கோப்பு இலக்கத்தை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தாலும் வதிவிட விண்ணப்பத்துக்கு அது கறையல்ல, மறைத்தால்தான் கறை. வெள்ளிக்கிழமை கைரேகைக்குப் போகும்போது அறிவித்தல் கடிதத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள், போனில் காட்டலாம் என்று நம்பிப் போய் வாசலில் அச்சடிக்கக் கடை தேடியவள் நான்.